எழுபத்தொரு நாள் நடை

நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கப் போகிறேன் என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளையில். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. எங்கள் தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிறவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆள்தான் ஆரம்பித்தார்.

"ரிட்டயர் ஆனப்புறம் என்ன பண்ணப் போறீங்க, பூகோளம்?"

பூகோளம் என்பது நான். முப்பத்தாறு வருடம் தபால் பிரித்தவன். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அது எந்த லைன், தபால் அலமாரியில் எத்தனையாவது கட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதனால் வந்த பெயர். கிண்டலாக வைத்ததுதான். நான் அதைப் பட்டம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

நான் பதில் சொல்வதற்குள் தராசே சொல்லிவிட்டார். "என்ன பண்ணுவார், வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிப்பார். ஊர் பேரெல்லாம் மனப்பாடம், ஒரு ஊரையாவது கண்ணால பாத்திருக்காரா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டாம்ப் விற்கிற அம்மாகூடச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நடக்கப் போறேன்யா," என்றேன். "இங்கேருந்து அந்தக் கடைசி வரைக்கும். எழுபத்தொரு நாள். பாத்துக்கிட்டே இரு."

எழுபத்தொன்று என்பது என் வாயில் சும்மா வந்துவிடவில்லை. என் எதிரே இருக்கும் மர அலமாரியில் அந்தக் கடைசிவரை போகிற லைனுக்கு எழுபத்தொரு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஊர். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒரு நாள் நடை என்று வைத்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடம் அந்த ஊர்களை அதே வரிசையில் பார்த்தவனுக்கு அதில் சந்தேகம் வருமா என்ன?

எழுபத்தொன்றாவது கட்டம் என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். தேநீர் குடித்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் அம்மா என் வீட்டில்தான் காலமானாள். படுக்கையில் விழுந்து இருபது நாள் இருந்தாள். "அவளை வரச் சொல்லுடா" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். சரியாகிவிடும், எதற்கு அவளை அவ்வளவு தூரத்திலிருந்து அலைக்கழிப்பது என்று அவளுக்கு நான் தகவல் அனுப்பவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சோம்பலாக இருந்துவிட்டேன். தங்கை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நாடு முழுக்கத் தபால் அனுப்புற. எனக்கு ஒரு வரி அனுப்ப முடியலையா உனக்கு?"

அவள் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததாலேயே எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் போனை நான் எடுக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், உள்ளூர்த் தபால் பிரிக்கிறவர் லீவு. அந்த மேசையில் நான் உட்கார்ந்தேன். கட்டைப் பிரித்தால் நடுவில் என் பெயர், என் வீட்டு முகவரி, என் தங்கையின் கையெழுத்து. அந்தக் குண்டுக் குண்டு எழுத்தை எனக்குத் தெரியாதா? நான்தானே எழுதக் கற்றுக்கொடுத்தேன்.

வேண்டாதவர்கள் எழுதிய கடிதத்தை மற்றவர்கள் கிழித்துப் போடுவார்கள், படிக்காமல் மூலையில் வீசுவார்கள். தபால்காரப் புத்தி வேறு மாதிரி போகிறது. என் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். 'அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக' என்ற ரப்பர் ஸ்டாம்பை எடுத்தேன். உறையின் மேல் ஓங்கி ஒரு குத்து. எழுபத்தொன்றாவது கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த மாதம் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தெருவில் பார்த்துத் துக்கம் விசாரித்தார். "உங்க மாப்பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம்." தங்கை புருஷன் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாராம். நான் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினேன். தெரிந்த மாதிரி நடித்தேன். அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவது? ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, அப்புறம் போவதற்கே வழியில்லாமல் ஆயிற்று.

ஆகவே நடை. பஸ்ஸில் போனால் ஒரு பகல் ஒரு ராத்திரியில் அவள் வாசலில் இறக்கிவிட்டுவிடுவான். அதற்குள் என்ன பேசுவது என்று யோசிக்க முடியுமா? எழுபத்தொரு நாள் நடந்தால் வார்த்தை கிடைத்துவிடும். கொப்புளம் வெடித்த காலோடு போய் நின்றால் அவளுக்கும் மனம் இளகும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். அவள் இரக்கத்தையும் சேர்த்துத் திட்டம் போட்டவன் நான்.

அடேயப்பா, என்ன திட்டம்! இருநூறு பக்க நோட்டு வாங்கினேன். நாளுக்கு ஒரு பக்கம். ஊர்ப் பெயர், தங்குமிடம், தண்ணீர், காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாம். ஒவ்வோர் ஊர்த் தபால் நிலையத்துக்கும் 'சக ஊழியன் வருகிறேன், இரவு படுக்க ஒரு மூலை கிடைக்குமா' என்று கார்டு போட்டேன். நாற்பது பேர் பதில் போட்டார்கள். அவற்றை நூல் கோத்துக் கட்டி வைத்தேன். ஆபீஸ் முடிந்ததும் பூங்காவைச் சுற்றிப் பதினைந்து சுற்று. முதுகில் பழைய தபால் டைரக்டரிகளை அடைத்த பை. தினமும் காலையில் தராசு அந்தப் பையைத் தன் மெஷினில் வைத்து எடை பார்ப்பார்.

"ஒன்பதே கால் கிலோ. ஸ்டாம்ப் எவ்வளவு ஒட்டணும்னு சொல்லவா, பூகோளம்? பேசாம உங்களையே பார்சல் பண்ணி அனுப்பிடறோம்."

மெல்ல மெல்லக் கிண்டல் மரியாதையாக மாறியது. மேற்பார்வையாளர் வந்து கை கொடுத்தார். கவுன்டருக்கு வருகிறவர்கள்கூட "நீங்கதானே நடக்கப் போறவர்?" என்று கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்பேன். உள்ளே புழுங்கிச் சாவேன். இவன் யாரிடம் போகிறான், எதற்குப் போகிறான் என்று தெரிந்தால் காறித் துப்புவார்களே என்று தோன்றும். தோன்றிய மறு நிமிடம் இன்னொருவர் கேட்பார். மறுபடி நெஞ்சு நிமிரும்.

என் மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பார்வை சோதித்துப் பழகியதாலோ என்னவோ, எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"அப்பா, மேப் பாத்தீங்களா?"

"மேப்பா? எனக்கா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முப்பத்தாறு வருஷம் இந்தக் கையால பிரிச்சிருக்கேன். எனக்கு நீ மேப் காட்டுறியா?"

"இல்லப்பா, போன்ல ஒரு நிமிஷம் தட்டினா..."

"ஒண்ணும் வேண்டாம். உன் போனுக்கு முந்தி பொறந்தவன் நான்."

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எழுபது பக்கம் பொடி எழுத்தில் நிரம்பியிருந்தது. எழுபத்தொன்றாவது பக்கத்தில் 'வந்து சேர்தல்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அதன் கீழே அவளிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை எழுதி எழுதி அழித்ததில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது.

கடைசி வேலை நாளன்று எல்லாரும் சேர்ந்து ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். சாம்பல் நிறம், கனமான அடிப்பாகம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தபால் நிலைய வாசலிலிருந்து வழியனுப்புவதாக ஏற்பாடு. என் ரப்பர் ஸ்டாம்புகளை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். திருப்பி அனுப்பும் ஸ்டாம்பின் விளிம்பு தேய்ந்திருந்தது. மூலையில் இருக்கும் எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பதினேழு. பிரிக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. தப்பு நடந்தால் யார் செய்தது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு மதியம் பையை மூன்றாவது தடவையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டு, விசில், நான்கு ஜோடி காலுறை, கொப்புளத்துக்குக் களிம்பு. அழைப்பு மணி அடித்தது. மகள் போய்த் திறந்தாள்.

"அத்தை!" என்று அவள் கத்தியது கேட்டது.

தங்கை உள்ளே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கையில் சின்னதாக ஒரு பை. நான் காலுறையோடு எழுந்து நின்றேன். பதினான்கு மாதம் தேடிய வாக்கியம் கிடைக்காமல் காலுறையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தேன்.

"உக்காரு," என்றாள் அவள், என் வீட்டில் என்னைப் பார்த்து. "நாளைக்கு நடக்கப் போறியாமே. அண்ணி சொன்னாங்க."

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் மாசம் ஒரு தடவை பேசிட்டுத்தாங்க இருக்கேன்," என்றாள் அவள். "ஒன்பது வருஷமா."

தங்கை மேசையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். நிதானமாக, பக்கம் பக்கமாக. பழைய பெருமை எனக்குள்ளே லேசாகத் தலைதூக்கியது. பார்க்கட்டும், எப்படித் திட்டம் போட்டிருக்கிறேன் என்று பார்க்கட்டும். கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள். திரும்ப ஒரு பக்கம் பின்னால் போனாள்.

"அண்ணா, எழுபதாவது நாள் இந்த ஊர்ல தங்கிட்டு, மறுநாள் காலையில கிளம்பி சாயங்காலம் எங்க ஊருக்கு வர்றியா?"

"ஆமா. அடுத்த கட்டம்தானே."

"நடுவுல ஏரி இருக்கு."

"என்ன ஏரி?"

"கண்ணுக்கெட்டுன தூரம் தண்ணி. அங்கேருந்து எங்களுக்குத் தபால் படகுல வருது. அந்தப் படகுல மூட்டையைத்தான் ஏத்துவாங்க, ஆளை ஏத்த மாட்டாங்க. சுத்திக்கிட்டு வந்தா ஆறு நாள். பஸ் அந்தப் பக்கமே வராது, அதுக்கு ரோடு வேற." அவள் நோட்டை மூடினாள். "தண்ணி மேலயா நடந்து வருவ?"

மகள் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அலமாரி நான் நினைத்த மாதிரி நிலத்தின் வரிசையில் இல்லை. தபால் போகும் வரிசையில் இருந்தது. ரயிலில் போகிற ஊர்கள், அப்புறம் வேனில் போகிற ஊர்கள், கடைசியாகப் படகில் ஒன்று. அது எனக்குத் தெரியாத விஷயமா? மூட்டைச் சீட்டில் 'படகு' என்று நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். எழுதின கைக்குத் தெரிந்தது மண்டைக்குத் தெரியவில்லை.

"முப்பது வருஷமா நான் அங்க குடியிருக்கேன்," என்றாள் தங்கை. குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவை வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கல்யாணம் இங்கே நடந்தது. அதற்கப்புறம் வருடா வருடம் அவள்தான் வந்தாள். எனக்கு எப்போதும் வேலை இருந்தது. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். என் மகள் எதிரில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

தங்கை தன் பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் கையெழுத்து. அதன் மேல் சாய்வாக என் குத்து. மூலையில் பதினேழு.

"நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல என் ஸ்கூல் நோட்டு அட்டையெல்லாம் இதைக் குத்திக் கொடுப்ப. ஞாபகம் இருக்கா? பதினேழு என் அண்ணன் நம்பர்னு கிளாஸ் முழுக்கக் காட்டுவேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. நான்தான் கொண்டுபோய்க் குத்தினேன், அவள் குதித்துக் குதித்து 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று கேட்டாள். மனைவி முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்பது வருடமும் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"அவர் போய் ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு," என்றாள் தங்கை. "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவர்தான் எழுதினார். எழுதி ஒட்டிக் கொடுத்தார். அட்ரஸ் மட்டும்தான் நான் எழுதினேன்."

"என்ன எழுதியிருந்தார்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு எழுதினது. நான் ஏன் பிரிக்கணும்?"

உறை பிரிக்கப்படாமல்தான் இருந்தது. நான் கை நீட்டினேன். அவள் அதை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க வேண்டாம். நாளைக்குக் காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். வந்து அவர் இருக்கற இடத்தைப் பாரு. அதுக்கப்புறம் நீ எங்க வேணும்னாலும் நட."

மறுநாள் எனக்கு இருந்தது அந்தப் புது ஷூ மட்டும்தான். பழைய செருப்பை மனைவி ஏற்கெனவே தூக்கிப் போட்டிருந்தாள். ஆபீஸ்காரர்களுக்குப் போன் பண்ணித் துணிந்து சொல்ல எனக்கு நா எழவில்லை. "நான் போய்ச் சொல்லிக்கறேன், நீங்க கிளம்புங்க," என்றாள் மனைவி. பஸ் தபால் நிலையத் தெரு வழியாகத்தான் போகும் என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இதிலும் பூகோளம்!

சிக்னல் சரியாக அந்த வாசலில் விழுந்தது. எல்லாரும் நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளர், ஸ்டாம்ப் விற்கிற அம்மா, தராசு. தராசின் கையில் ஓர் அட்டை. 'எங்கள் பூகோளத்துக்கு எழுபத்தொரு வணக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பார்சலுக்கு 'உடையும் பொருள்' என்று எழுதுகிற அதே சிவப்பு மை. என் மனைவி இன்னும் வந்து சேரவில்லை. நான் ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"நிமிந்து உக்காரு," என்றாள் தங்கை. "ஒளிஞ்சது போதும்."

நிமிர்ந்தேன். ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். தராசு பார்த்துவிட்டார்.

"யோவ் பூகோளம்! பஸ்ல என்னய்யா பண்றீங்க?"

"என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்!"

"அப்ப நடை?"

பஸ் நகர ஆரம்பித்தது. "எனக்கு வழி தெரியாதுய்யா!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தராசு அட்டையைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முப்பத்தாறு வருடத்தில் அந்த ஆளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

ஊர் எல்லை தாண்டியதும் தங்கை உறையைக் கொடுத்தாள். ஒட்டிய இடம் காய்ந்திருந்தது, நகம் பட்டதும் திறந்துகொண்டது. ஒரே தாள், பென்சிலில்.

"சத்தமா படி. எனக்கும் கேக்கணும்."

படித்தேன்.

"மச்சானுக்கு. நாளை மறுநாள் ஆபரேஷன். பயமில்லை என்கிறார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள். அன்றைக்கு உங்கள் தங்கச்சி எல்லார் முன்னாலும் கேட்டது அதிகம்தான். அது அவளுக்கும் தெரியும். வாயால் சொல்ல மாட்டாள், உங்கள் ரத்தம் ஆயிற்றே. நீங்கள் ஒரு தடவை வந்து போனால் போதும். யாரும் எதுவும் பேச வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள். போன் எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் கடிதம்."

நிறுத்தினேன்.

"இன்னும் ரெண்டு மூணு வரி இருக்கு," என்றாள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "படி."

"வேறு யாருக்கு எழுதினாலும் போய்ச் சேருமோ சேராதோ என்று இருக்கும். உங்களுக்கு எழுதும்போது அந்தக் கவலை இல்லை. உங்கள் கையைத் தாண்டி ஒரு தபால் தொலையுமா?"

எனக்குக் கண் மறைத்தது. தாளை மடிக்கப் பார்த்தேன், மடிப்பு கோணிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு நாளும் இரண்டாயிரம் உறை பிடித்த கை.

"தொலைஞ்சதும்மா," என்றேன். "என் கையிலதான் தொலைஞ்சது. நான்தான் குத்தினேன். அம்மா கேட்டப்பவும் நான்தான் சொல்லாம இருந்துட்டேன். அவரை... நான் வந்து பாத்திருக்கணும்."

நோட்டில் எழுதி எழுதி அழித்த எந்த வாக்கியமும் இதில் இல்லை.

"தெரியும்," என்றாள் தங்கை. "நீயா சொல்லணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை சொன்னபடியே நான் ஒன்றும் பேசாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஊர் போய்ச் சேர இன்னும் இருபத்துமூன்று மணி நேரம் இருந்தது.